சனிக்கிழமைப் பொட்டலம்

டுசெல்டார்ஃப்
4 ஏப்ரல் 1993

கயோகோ அக்காவுக்கு,

கனசாவாவில் இந்நேரம் செர்ரி பூத்துக் கொட்டியிருக்கும். இங்கே ரைன் ஆற்றங்கரை மரங்கள் இன்னும் மொட்டையாகத்தான் நிற்கின்றன. உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படியில் அவசரப்பட்டு ஏறாதீர்கள்.

பத்திரமாக வந்து சேர்ந்தேன் என்று தபாலட்டை போட்டேனே, அதில் ஒரு விஷயத்தை எழுதவில்லை. நான் வந்து இறங்கிய அன்று இவர் விமான நிலையத்துக்கு இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தார். ஒரு வருஷமாகத் தனியாக இருந்த மனுஷன், பெண்டாட்டி வருகிற நாளில் இப்படியா? கேட்டால் "வேலை" என்றார். ஞாயிற்றுக்கிழமை என்ன வேலையோ! முகம் வெளுத்துப் போயிருந்தது. கம்பெனி கார் இருக்கும்போது டாக்சியில் வந்திருந்தார். கார் ரிப்பேராம்.

அதோடு விட்டிருப்பேன். ஆனால் சனிக்கிழமைதோறும் கோல்ஃப் என்று கிளம்பிவிடுகிறார். போன வாரம் நாள் முழுக்க மழை. திரும்பி வந்தபோது அவர் தலை நனைந்திருந்தது, கோல்ஃப் பை நனையவில்லை.

நேற்று எங்கள் கட்டடத்து ஹிரானோ வீட்டம்மா லிஃப்டில் சிரித்துக்கொண்டே கேட்கிறாள்: "உங்க வீட்டுக்காரருக்கு இனிப்புன்னா உசுரோ? சனிக்கிழமையானா நம்ம ஜப்பான் இனிப்பு விக்கற ஷிராகி கடையிலதான் நிக்கறாரு!" இவரா? கல்யாணத்தில் வெட்டிய கேக்கையே நாக்கில் தொட்டுவிட்டு எனக்குத் தள்ளிவிட்டவர், அக்கா. அந்த இனிப்பில் ஒரு துண்டுகூட எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை.

நான்தான் வீணாகச் சந்தேகப்படுகிறேனா? சொல்லுங்கள். சளி பிடிக்காமல் இருங்கள்.

தங்கை சட்சுகி


கனசாவா
15 ஏப்ரல் 1993

சட்சுகிக்கு,

பூவெல்லாம் கொட்டி வாசல் குப்பையாகக் கிடக்கிறது. தினமும் கூட்டுகிறேன். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. கடையில் பரிசுப் பிரிவில் நாள் முழுக்க நின்று பொட்டலம் கட்டினால் வேறெப்படி இருக்கும்?

வீணான சந்தேகம் என்று ஒன்று கிடையாது. எங்கள் வீட்டு மனுஷனும் இப்படித்தான் ஆரம்பித்தார். மீன் பிடிக்கப் போகிறேன் என்பார். தூண்டிலில் சேறே இருக்காது. நான் பேசாமல் இருந்தேன், அவர் ஒசாகாவில் இன்னொருத்தியோடு குடித்தனமே ஆரம்பித்துவிட்டார். நீயும் என்னைப் போல் அசடாக இருந்துவிடாதே.

நேராக அந்தக் கடைக்குப் போ. என்ன வாங்குகிறார், எப்படிக் கட்டி வாங்குகிறார் என்று பார்த்து எழுது. ஒருவன் வாங்குகிற இனிப்பைச் சொன்னால் அது யாருக்குப் போகிறது என்று நான் சொல்லிவிடுவேன். பதினெட்டு வருஷமாக அந்த வேலைதானே பார்க்கிறேன்.

தொலைபேசியில் கூப்பிடாதே. அவர் காதில் விழும். எழுது. நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


டுசெல்டார்ஃப்
27 ஏப்ரல் 1993

அக்காவுக்கு,

இங்கே ஒரே வாரத்தில் எல்லா மரமும் துளிர்த்துவிட்டது. நீங்கள் நலம்தானே? முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறீர்களா?

கடைக்குப் போனேன். வேவு பார்க்கப் போனவளுக்கு வாசலிலேயே கண் கலங்கிவிட்டது. கண்ணாடிப் பெட்டிக்குள் செர்ரி இலை சுற்றிய அரிசிக் கொழுக்கட்டை, முலாம்பழம் மாதிரி கோடு போட்ட ரொட்டி, சிவப்புப் பயற்றைக் காய்ச்சிக் கட்டியாக வார்த்த யோகான், பச்சைத் தேயிலை ரோல் கேக் எல்லாம் இருக்கின்றன. ஐரோப்பாவில் உருளைக்கிழங்கைத் தவிர ஒன்றும் கிடைக்காது என்று நினைத்து வந்தேனே! எனக்கு முன்னால் ஒரு ஜெர்மன்காரி மாவு உருண்டையைக் காட்டி, "உள்ள என்ன, சாக்லேட்டா?" என்றாள். "சிவப்புப் பயறு" என்றாள் கடைக்கார அம்மா. "பயறா? சூப்புல போடறதையா இனிப்புல போடறீங்க?" என்று முகத்தைச் சுளித்தாள். ஒன்று வாங்கி வாசலில் நின்று கடித்தாள், அப்படியே திரும்பி வந்து இன்னும் நாலு வாங்கிப் போனாள்.

நான் பெயரைச் சொன்னதும் கடைக்கார அம்மா குதித்தாள். "அட, இவாசே சாரோட வீட்டம்மாவா? வாங்க வாங்க! சாரு சனிக்கிழமை நான் கடை தொறக்கறதுக்கு முன்னாடியே வாசல்ல நிப்பாரு. எப்பவும் யோகான்தான், பெரிய கட்டி ரெண்டு. சாம்பல் கலர் காகிதத்துல சுத்துங்க, ரிப்பன் வேணாம், வாழ்த்துச் சீட்டும் ஒட்ட வேணாம்பாரு."

"யாருக்காம்?" என்று சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். சட்டென்று பேச்சை நிறுத்திவிட்டு, "இந்தாங்க, கொழுக்கட்டை ஒண்ணு சாப்பிட்டுப் பாருங்க" என்று கையில் திணித்தாள். அவள் எதையோ மறைக்கிறாள், அக்கா. ஊருக்கே தெரிந்த விஷயம் எனக்கு மட்டும்தான் தெரியவில்லை போலிருக்கிறது.

செங்கல் கனத்துக்கு யோகான் கேட்கிற பெண் யாராக இருக்கும்? மன்னிப்புக் கேட்கப் போகிறவர்கள்கூட இனிப்புக் கொண்டுபோவார்கள் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். ஆனால் அதற்கு ஒரு தடவை போவார்கள். வாராவாரமா போவார்கள்? நீங்கள்தான் சொல்ல வேண்டும். நீங்கள் சொன்னால் நம்புவேன். சீக்கிரம் எழுதுங்கள்.

சட்சுகி


கனசாவா
30 மே 1993

சட்சுகிக்கு,

மழைக்காலம் நெருங்குகிறது. சுவரெல்லாம் ஈரம் கோத்திருக்கிறது. வெயிலில் அலையாதே.

பதில் தாமதமாகிவிட்டது. கடையில் ஆள் இல்லை. அடுத்த வீட்டு நாய் குட்டி போட்டிருக்கிறது. மாடி அறைத் தரை முழுக்கப் புதுப் பாய் போட்டேன். பச்சை வாசனை கீழே வரைக்கும் வருகிறது. நீ கல்யாணத்துக்கு முன்னால் படுத்திருந்த அறைதான்.

நீ கேட்டதைப் பற்றி எனக்கு என்ன தோன்றும்? யோகான் பிடித்த பெண்களும் இருக்கிறார்கள். கடைக்காரி பேச்சை நிறுத்தினாள் என்றாயே, அதை யோசித்துப் பார். ஒரு தடவை அவர் பின்னால் போய்ப் பார்த்துவிடு. பார்த்தால் மனசு தெளியும்.

அக்கா


டுசெல்டார்ஃப்
15 ஜூன் 1993

அக்காவுக்கு,

வெயில் இங்கே ராத்திரி பத்து மணி வரைக்கும் அடிக்கிறது. தூக்கமே இல்லை. நீங்களாவது நன்றாகத் தூங்குங்கள்.

சனிக்கிழமை அவர் பின்னால் போனேன். டிராமில் நான் பின்பெட்டி, அவர் முன்பெட்டி. தலையில் துணி கட்டி, கறுப்புக் கண்ணாடி வேறு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிழவர் என்னைத் திருடி என்றே நினைத்துத் தன் பையை மடிக்கு மாற்றிக்கொண்டார்.

பாலம் தாண்டி இறங்கினார். கோல்ஃப் பையை டிராம் நிறுத்தத்துப் பூக்கடையில் விட்டுவிட்டு, வழியில் ஷிராகி கடையில் வாங்கிய பொட்டலத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடந்தார். ஒரு சந்தில் தரைத்தள வீடு. மணி அடித்தார். கதவு திறந்தது. உள்ளே போய்விட்டார். நான் எதிர்ப்பக்கம் நின்றேன். ஜன்னல் திறந்துதான் இருந்தது. நாற்பது வயசு இருக்கும் அவளுக்கு. சிவப்பாகச் சாயம் போட்ட குட்டை முடி. இவர் என்னவோ சொல்ல, அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். இவரும் சிரித்தார் அக்கா. நான் வந்து மூன்று மாசத்தில் என் முன்னால் ஒரு தடவைகூட அப்படிச் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அரிசி களைந்தேன். அவர் வந்தார். "நல்லா ஆடினீங்களா?" என்றேன். "சுமார்தான்" என்றார். நான் வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்டால் பொய் சொல்வார். பொய் சொல்லிவிட்டால் நான் கிளம்பியாக வேண்டும். கிளம்ப எனக்கு மனசு வரவில்லை. எனக்கு இன்னும் இவர்மேல் ஆசை இருக்கிறது. இதை உங்களைத் தவிர யாரிடம் சொல்வேன்?

சட்சுகி


கனசாவா
22 ஜூன் 1993

சட்சுகிக்கு,

நான் நலம். உன் கடிதம் கிடைத்த அன்றே எழுதுகிறேன்.

அவரிடம் எதுவும் கேட்காதே. அவளிடமும் போகாதே. உன் சாமானைக் கட்டிக்கொண்டு வந்துவிடு. ஆகஸ்டில் முன்னோரை வீட்டுக்கு அழைக்கிற நாளுக்கு அம்மா அப்பா படத்துக்கு முன்னால் நாம் இரண்டு பேரும் உட்காரலாம். ஒருத்தியாக உட்கார்ந்து எனக்குச் சலித்துவிட்டது. விமானச் சீட்டு எடுத்ததும் தேதி எழுது.

அக்கா


டுசெல்டார்ஃப்
5 ஜூலை 1993

அக்காவுக்கு,

உங்கள் சொல்படி சீட்டு எடுத்துவிட்டேன். ஆகஸ்ட் பத்தாம் தேதி. அவரிடம் உங்கள் முழங்காலைச் சாக்குச் சொன்னேன். "அப்படியா, போய்ப் பாத்துக்க" என்றார். தடுக்கவே இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வந்துவிடுகிறேன்.

சட்சுகி


டுசெல்டார்ஃப்
8 ஆகஸ்ட் 1993

அக்காவுக்கு,

அங்கே சில்வண்டுச் சத்தம் காதைப் பிளக்குமே. வெயிலில் தலைசுற்றல் எதுவும் இல்லையே?

தந்தி கிடைத்திருக்கும். நான் வரவில்லை. சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கோபப்படாமல் படியுங்கள். நான் அந்த வீட்டுக்குப் போனேன்.

நீங்கள் போகாதே என்றீர்கள். ஆனால் பெட்டி கட்டக் கட்ட எனக்கு வயிறு எரிந்தது. அவள் முகத்தைப் பார்த்து நாலு வார்த்தை கேட்காமல் எப்படிப் போவது? வியாழக்கிழமை போய் மணி அடித்தேன். வகுப்பில் படித்த அரைகுறை ஜெர்மனில், "நான் இவாசேயோட சம்சாரம்" என்றேன்.

"அப்பாடா, வந்துட்டீங்களா!" என்றாள் அவள். "உடம்பு தேறிடுச்சா? உங்களுக்கு முடியலை, அதான் கூட்டிட்டு வரலைன்னு வாராவாரம் சொல்லுவாரு."

அப்போதுதான் அவள் வலது கையைப் பார்த்தேன். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கம்பி வைத்துக் கட்டியிருந்தது. பெயர் உல்ரிகே. முடி திருத்துகிறவள். ஐந்து மாசமாகக் கத்தரி பிடிக்கவில்லை.

"உங்ககிட்ட சொல்லவே இல்லையா?" என்று கேட்டுவிட்டு, என்னை உட்கார வைத்துச் சொன்னாள். "மார்ச்ல ஒரு ஞாயித்துக்கிழமை. நான் சைக்கிள்ல போயிட்டிருந்தேன். திருப்பத்துல என்னைக் கவனிக்காம காரை விட்டுட்டாரு. ஏர்போர்ட்டுக்குப் போற அவசரமாம், பொண்டாட்டி வர்றாளாம். ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் ரோட்டுல மண்டி போட்டு என் தலையைப் பிடிச்சிட்டிருந்தாரு. இன்சூரன்ஸ்காரங்களும் வக்கீலும் இனிமே என் பக்கமே வரக் கூடாதுன்னு அவர்கிட்ட சொன்னாங்களாம். கேட்டாத்தானே? நான் ஆஸ்பத்திரியிலருந்து வந்த வாரமே பொட்டலத்தோட வந்து நின்னாரு. கேஸ் போடாம இருக்க லஞ்சம் குடுக்கறான்னு நெனச்சு மூஞ்சில அடிச்ச மாதிரி கதவைச் சாத்தினேன். படியில வெச்சுட்டுக் குனிஞ்சு கும்பிட்டுட்டுப் போயிட்டாரு. அடுத்த வாரமும் வந்தாரு. அதுக்கடுத்த வாரமும்."

"அந்த இனிப்பை என்ன பண்ணீங்க?" என்றேன்.

"இனிப்பா? சோப்புன்னுல்ல நெனச்சேன்!"

குளியலறைக்குக் கூட்டிப் போனாள். அக்கா, யோகான் கட்டிகளை அலமாரியில் அடுக்கி வைத்திருந்தாள். ஒன்று மட்டும் பிரித்து, கை கழுவுகிற இடத்தில் சோப்புத் தட்டில் உட்கார்ந்திருந்தது. "எவ்வளவு தேய்ச்சாலும் நுரையே வரலை. அதைக் கேக்கத்தான் ஜூன்ல அவரை உள்ள கூப்பிட்டேன். என்னய்யா சோப்பு இது, பிசுபிசுன்னு ஒட்டுதுன்னு கேட்டேன். மனுஷன் அப்படியே நாற்காலியில உக்காந்துட்டாரு. அப்புறம் ரெண்டு பேரும் சிரிச்சோம் பாருங்க!" நான் ஜன்னல் வழியாகப் பார்த்தது அந்தச் சிரிப்பைத்தான். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அவள் குளியலறையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

அன்றைக்குச் சாயங்காலம் இவரிடம் எல்லாவற்றையும் கேட்டேன். "நீ மொத நாள் வந்து எறங்கறே. ஒரு பொம்பளையை இடிச்சுப் போட்டுட்டு வர்றேன்னு எப்படிச் சொல்றது? நாளைக்குச் சொல்லலாம்னு தள்ளிப் போட்டேன். தள்ளத் தள்ள வாயே வரலை" என்றார். கத்தினேன். ஒரு தட்டை உடைத்தேன். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து பொறுக்கினோம். இனிமேல் சனிக்கிழமை நானும் போகிறேன்.

உங்களை ஏமாற்றிவிட்டேன், மாடி அறையைத் தயார் செய்து வைத்திருந்தீர்களே. முன்னோர் நாளில் எனக்கும் சேர்த்து ஊதுபத்தி ஏற்றுங்கள்.

சட்சுகி


கனசாவா
10 செப்டம்பர் 1993

சட்சுகிக்கு,

வெயில் தணிந்து காற்று இதமாக வீசத் தொடங்கியிருக்கும் இவ்வேளையில், நீங்கள் இருவரும் நலமாக இருப்பதை அறிந்து மிக்க மகிழ்ச்சி. எல்லாம் நல்லபடியாக முடிந்தது. மாப்பிள்ளை மசனோரிக்கு என் அன்பைச் சொல்.

அக்கா


டுசெல்டார்ஃப்
26 செப்டம்பர் 1993

அக்காவுக்கு,

இலைகள் பழுக்க ஆரம்பித்துவிட்டன. முழங்கால் தேவலையா?

உங்கள் கடைசிக் கடிதம் உங்கள் கடிதம் மாதிரியே இல்லை. அடுத்த தெருக்காரருக்கு எழுதுகிற மாதிரி எழுதியிருக்கிறீர்கள்.

நேற்று ஷிராகி அம்மா கடைக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "அய்யோ, உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்! இருக்கறதுலயே கனமான யோகான், சாம்பல் காகிதம், ரிப்பன் இல்லை, வாழ்த்துச் சீட்டு இல்லை. மன்னிப்புக் கேக்கறவன் வேற எப்படி வாங்குவான்? வாராவாரம் வந்தா, இன்னும் மன்னிக்கலைன்னு அர்த்தம். நீங்க யாருக்குன்னு கேட்டதும் எனக்கு ஒரு மாதிரியாயிடுச்சு. வீட்டு விஷயத்தைக் கிளறக் கூடாதுன்னு பேச்சை மாத்தினேன். பரிசுக் கவுன்ட்டர்ல ஒரு வாரம் நின்ன பொண்ணுக்குக்கூட இது புரியுமே!" என்றாள்.

நீங்கள் பதினெட்டு வருஷமாக நிற்கிறீர்கள் அக்கா.

காகிதம், ரிப்பன், கனம் எல்லாம் ஏப்ரலிலேயே உங்களுக்கு எழுதினேன். மன்னிப்பாக இருக்குமோ என்றுகூடக் கேட்டேன். ஒரு மாசம் கழித்து நாய்க்குட்டியைப் பற்றிப் பதில் வந்தது. நான் வேறு எதுவும் கேட்கவில்லை. இதை மட்டும் சொல்லுங்கள். உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?

சட்சுகி


கனசாவா
24 அக்டோபர் 1993

சட்சுகி,

தெரியும்.

உன் ஏப்ரல் கடிதத்தைப் படித்த நிமிஷமே தெரிந்தது. மன்னிப்புக் கேட்கப் போகிற முகத்தோடு வருகிற ஆண்களுக்கு நான் எத்தனை பொட்டலம் கட்டிக் கொடுத்திருக்கிறேன்! பேருந்துக்காரர்கள், டாக்டர்கள், மகன் செய்த தப்புக்காக வருகிற அப்பாக்கள். மசனோரி யாருக்கோ பெரிய கெடுதல் செய்துவிட்டார், பெண் விவகாரம் இல்லை, போய் மெதுவாகக் கேள் என்று அன்றைக்கே எழுதி, உறையில் போட்டு, தபால் தலையும் ஒட்டினேன்.

தபால் பெட்டி வரைக்கும் போனேன். இதைப் போட்டால் நீ அங்கேயே இருந்துவிடுவாய் என்று தோன்றியது. போடாவிட்டால் வந்தாலும் வருவாய். கிழித்துப் போட்டேன். வருகிற வழியில் பாய்க்காரனிடம் மாடி அறைக்கு அளவெடுக்கச் சொன்னேன்.

நீ கல்யாணமாகிப் போன பிறகு இந்த வீட்டில் என்னோடு பேசுகிற ஒரே ஆள் தொலைக்காட்சியில் வானிலை சொல்கிறவன்தான். நான் பதிலும் சொல்கிறேன் அவனுக்கு. உன் புருஷன் நல்லவர் என்று தெரிந்ததும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. என்னவர் அப்படிப் போனாரே, இவளுக்கு மட்டும் இப்படி ஒருத்தரா என்று எரிச்சல்தான் வந்தது. ஜூனில் நீ அழுது எழுதியபோதுகூட எனக்கு மனசு இறங்கவில்லை. அரிசி இரண்டு பேருக்குப் போட்டுப் பழக வேண்டும் என்று நினைத்தேன்.

மன்னித்துவிடு என்று எழுத மாட்டேன். எழுதினால் நீ ஏதாவது பதில் சொல்லியாக வேண்டியிருக்கும்.

கயோகோ


டுசெல்டார்ஃப்
7 நவம்பர் 1993

அக்கா,

உங்கள் கடிதத்தைச் சமையலறையில் நின்றபடியே படித்தேன். இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன். அந்தச் சீட்டில் நான் கிளம்பி வந்திருந்தால் இவர் என்ன ஆகியிருப்பார், நான் என்ன ஆகியிருப்பேன்! என் வீடு போனாலும் பரவாயில்லை என்று நினைத்துவிட்டீர்களே. புது வருஷத்துக்கு வரலாம் என்றிருந்தோம். வரவில்லை.

படித்து முடித்து நிமிர்ந்தால் இவர் வாசற்படியில் நிற்கிறார். "அக்காவா? என்ன எழுதியிருக்காங்க?" என்றார்.

சொல்லியிருக்கலாம். இனிமேல் இரண்டு பேருக்குள்ளே ஒளிவுமறைவு இல்லை என்று ஆகஸ்டில் நான்தான் அவரிடம் சத்தியம் வாங்கினேன். ஆனால் சொல்லிவிட்டால், உங்களைப் பற்றி அவர் என்ன நினைப்பார்? அவரை நான் வெறுக்க வேண்டும் என்று நீங்கள் காத்திருந்தீர்கள் என்று எந்த வாயால் சொல்வது?

"அங்க குளிர் ஆரம்பிச்சிடுச்சாம்" என்றேன்.

அவர் என் கையில் இருந்த கடிதத்தைப் பார்த்தார். அது எவ்வளவு நீளம் என்று அவருக்குத் தெரிந்தது. பிறகு என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் போய்த் தேநீருக்குத் தண்ணீர் வைத்தார். அன்றிலிருந்து தபால்காரன் வருகிற நேரத்தில் என்னை ஒரு மாதிரிதான் பார்க்கிறார்.

அடுத்த கடிதத்தில் குளிரைப் பற்றி எழுதுங்கள். ஒரு பக்கம் முழுக்கக் குளிரைப் பற்றியே எழுதுங்கள். அவர் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டும்.

சட்சுகி